ஒற்று மிகும் இடங்கள்

திருவளர்செல்வன் என்ற சொல்லின் நடுவே ஒரு ‘ச்’ வருமா, வராதா என்ற வழக்கில், மன்னார்குடியில் எங்கள் தெருவுக்கும் அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கும் முப்பது வருஷமாக நான்தான் உயர் நீதிமன்றம். கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் முதலில் பிள்ளை வீட்டுக்குப் போகும். அப்புறம் பெண் வீட்டுக்கு. காலமான தாத்தாக்களுக்கு முன்னால் ‘அமரர்’ விழுந்திருக்கிறதா, உயிரோடு இருக்கிற தாத்தாவுக்குத் தவறி விழுந்துவிடவில்லையே என்று இரு வீட்டாரும் பார்த்து முடித்தபின் கடைசியாக எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும். நான் சிவப்புப் பேனாவால் அந்த ‘ச்’சின் தலையைச் சீவுவேன். “வினைத்தொகை. ஒற்று மிகாது” என்பேன். அச்சகக்காரர் “அதானே பார்த்தேன் ஐயா” என்பார். எதைப் பார்த்தார் என்று நான் கேட்டதில்லை. அதற்குள் காபி வந்துவிடும்.

வேலையில் இருந்தவரை எனக்குச் சந்தேகம் என்பதே வந்ததில்லை. எதிரே நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது சந்தேகப்பட நேரம் ஏது? ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்தது. திரு வளர்ந்த செல்வன், திரு வளர்கின்ற செல்வன், திரு வளரும் செல்வன். மூன்று காலமும் வருகிறது, வினைத்தொகைதான். ஆனாலும் ராத்திரி ஒன்றரை மணிக்கு எந்த இலக்கணமும் காலைநேர உறுதியோடு நிற்பதில்லை. முப்பது வருஷமாக நான் வெட்டிய ‘ச்’கள் எல்லாம் வரிசையாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றன. எழுந்துபோய்க் கணினியைப் போட்டேன்.

தேடினேன். ஒற்று மிகாது என்றே வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ருசி கண்ட பூனை நிறுத்துமா? மறுநாள் ராத்திரி ‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’. இந்தச் சண்டையில் இரு தரப்பும் ஆதாரம் வைத்திருக்கிறது. இரண்டையும் படித்தவனுக்குத் தூக்கம் கிடையாது. அதற்கு மறுநாள் ‘அருகாமை என்றால் பக்கமா, தூரமா’. பகலில் தீர்ப்பு, ராத்திரியில் மேல்முறையீடு என்று வாழ்க்கை நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஆவணி மாத முகூர்த்தத்துக்கு அச்சகக்காரர் புரூஃபோடு வந்தார். வழக்கமான ‘ச்’. வழக்கமான வெட்டு. “வினைத்தொகை” என்றேன், பேப்பரைக்கூடச் சரியாகப் பார்க்காமல். “பத்திரிகை மேலே ஒரு குறள் போடணுமாம் ஐயா, இல்வாழ்க்கை அதிகாரத்திலேர்ந்து” என்றார். “அதுக்கென்ன, இப்பவே பார்த்துடலாம்” என்று கூடத்துக்கு அழைத்துப்போய்க் கணினி முன் உட்கார்ந்தேன். திருக்குறள் என்று அடிக்கத் தொடங்கினேன். ‘திரு’ வரைதான் அடித்திருப்பேன். உலாவியின் முகவரிப் பட்டைக்குக் கீழே ஒரு பட்டியல் பாய் மாதிரி விரிந்தது:

திருவளர்ச்செல்வன் திருவளர்செல்வன் எது சரி
திருவளர் வினைத்தொகையா
திருவளர் வினைத்தொகை என்று உறுதியாகச் சொல்லலாமா
திருநிறைச்செல்வி ஒற்று வருமா

அச்சகக்காரர் நல்ல மனிதர். நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. “நல்ல காத்து ஐயா” என்றார்.

அடுத்து வந்த பள்ளி விடுமுறைக்குச் சென்னையிலிருந்து பேத்தி வந்திருந்தபோது, எட்டாம் வகுப்பு, சுற்றி வளைத்துக் கேட்டேன். “ஒருத்தர் எதையாவது தேடினா அது மத்தவங்களுக்குத் தெரியாம இருக்க வழி உண்டா?” அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “யாரு அந்த ஒருத்தர்?” என்றாள். “ஒரு நண்பர்.” “அந்த ஃபிரண்டைக் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூணையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்க தாத்தா. ஃபயர்பாக்ஸ்னா பி. குரோம்னா என். அதுக்குப் பேரு இன்காக்னிட்டோ.” எட்டாம் வகுப்புக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று எனக்குக் கவலை வந்தது. “எனக்கு அது கிடையாது தாத்தா. அப்பா என் கணக்கை அவர் கண்காணிப்புல வெச்சிருக்கார். அப்படி வெச்சா இன்காக்னிட்டோ வராது. வராததுனாலதான் எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் அதைப் பத்தி நல்லாத் தெரியும்” என்றாள்.

அழுத்தினேன். ஊதா நிறத்தில் ஒரு ஜன்னல் திறந்தது; ஓரத்தில் ஒரு முகமூடி. குரோமில் தொப்பியும் கண்ணாடியும். இந்த உருவத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். நம் சினிமாவேதான். கதாநாயகன் கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டால் பத்து வருஷம் கூடவே இருந்த வில்லனுக்குக்கூட அடையாளம் தெரியாமல் போகும். தியேட்டரில் தரை டிக்கெட் வரை எல்லாருக்கும் தெரியும், வில்லனுக்கு மட்டும் தெரியாது. தொழில்நுட்பம் அதே மருதான்.

குரோமின் தமிழில் இதற்கு ‘மறைநிலை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் யாரானாலும் அவருக்கு ஒரு வணக்கம். மறை என்றால் ஒளிப்பது. மறை என்றால் வேதமும்தான். ராத்திரி ஒன்றரைக்கு நான் செய்வது வேதபாராயணமா திருட்டா என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்லாமல் விட்டிருக்கிறது. தமிழ் இப்படித்தான், கூடவே வந்து ஒரு கிள்ளுக் கிள்ளும். ‘ஒற்று’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்த எழுத்தும் ஒற்று, வேவு பார்ப்பதும் ஒற்று. ஒற்று மிகுமா என்று தேடப் போனவனுக்குப் பின்னால் ஒற்று மிகுந்துவிட்டது என்றால் அதற்கு நான் யாரை நோவது?

முதல் நாள் மறைநிலையில் உட்கார்ந்து ‘திருவளர்’ என்று அடித்தால் திரையில் ஆங்கில எழுத்தாக விழுகிறது. தமிழில் தட்டச்சு செய்ய உலாவியில் ஒரு நீட்சி போட்டிருந்தேன். பேத்தி மொழியில் எக்ஸ்டென்ஷன். மறைநிலை ஜன்னலுக்குள் நீட்சிகளை உலாவி தானாக விடாது. உள்ளே வருகிற நீட்சி நாம் பார்ப்பதை எல்லாம் பார்க்கலாம் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். இது தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் முப்பத்து நான்கு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த ஒருவன், நடு ராத்திரியில், தமிழ் இலக்கணச் சந்தேகங்களை ஆங்கில எழுத்தில் அடித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். வகுப்பில் எவனாவது தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் பெஞ்சு மேல் ஏற்றியவன்தான் அவன்.

மறைநிலைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 2005இல் ஆப்பிளின் சஃபாரியில் முதலில் வந்தது. குரோம் 2008இல் பிறந்தபோதே இந்தத் தொப்பியோடுதான் பிறந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஃபயர்பாக்ஸும் 2009இல் சேர்ந்துகொண்டன. எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஜன்னலைச் சாத்தியதும் நீ எங்கே போனாய் என்பதை உலாவி மறந்துவிடும், குக்கீகளையும் எறிந்துவிடும். குக்கீ என்பது 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுலி என்பவர் கொண்டுவந்த ஏற்பாடு. பேத்தி எவ்வளவோ விளக்கியும் ஏறவில்லை. நானே ஒரு வழியாகப் புரிந்துகொண்டேன்: அது சலவைக்காரர் துணி ஓரத்தில் சேங்கொட்டையால் போடுகிற குறி. அடுத்த முறை துணி வந்ததும் இது இன்னார் வீட்டுத் துணி என்று தெரிந்துவிடும். மறைநிலை என்பது குறி இல்லாத புதுத்துணியை உடுத்திக்கொண்டு போய், திரும்பியதும் குறியோடு அவிழ்த்து எறிந்துவிட்டு வருவது.

உடுத்தினது புதுத்துணிதான். ஆனால் நான் செய்த காரியம் என்ன? இலக்கணக் குறிப்பின் இணைப்பை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளலாம் என்று மறைநிலைக்குள்ளேயே என் கணக்கைத் திறந்தேன். திறந்ததை மூடாமல் தேடுதலையும் தொடர்ந்தேன். மருவை ஒட்டிக்கொண்டு வாசலில் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவது இது. கணக்கைத் திறந்து வைத்துத் தேடினால் அந்தக் கணக்கில் பதிவாகும், மறைநிலை தடுக்காது.

இரண்டு வாரம் கழித்து ஒரு கல்யாணத்தில், பந்திக்கு நிற்கும்போது, பிள்ளையின் சித்தப்பா “ஐயா, மன்னை எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்” என்றார். கைபேசியில் தேடல் பெட்டியைத் தொட்டேன். சின்னச் சின்னக் கடிகாரப் படங்களோடு பழைய தேடல்கள் இறங்கின. ஆங்கில எழுத்தில் என் தமிழ். ‘திருவளர் ச் வருமா’ என்பதை அவர் எழுத்துக் கூட்டி, உரக்கவே, கடைசிவரை படித்தார். அந்தக் கல்யாணத்தின் பத்திரிகையும் நான் திருத்தியதுதான்.

ஒரே ஆறுதல், நான் தனியாள் இல்லை. 2018இல் சிகாகோ பல்கலைக்கழகமும் ஜெர்மனியில் ஹானோவரின் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 460 பேரிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கின்றன. மறைநிலையில் இருக்கும்போது கணக்கைத் திறந்திருந்தாலும் தேடியது பதிவாகாது என்று நம்பியவர்கள் பாதிக்கும் மேல். எல்லாரும் அதே மருவை ஒட்டிக்கொண்டுதான் அலைகிறோம். அமெரிக்காவில் 2020இல் சிலர் கோர்ட்டுக்கே போனார்கள். மறைநிலையில் போனாலும் கூகுள் விவரம் சேர்க்கிறது, குறைந்தது 500 கோடி டாலர் கொடு என்று வழக்கு. 2023 டிசம்பரில் சமாதானம் ஆனது. பயனாளிகளுக்குப் பணம் இல்லை. அதற்கு வேண்டியவர் தனித்தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும், மறைநிலை என்றால் என்ன என்பதை விளக்கமாக எழுதிப் போடவும் கூகுள் ஒப்புக்கொண்டது. இப்போது தொப்பிக்குக் கீழே இருக்கிற அந்தப் பத்தியை நானும் படித்துப் பார்த்தேன். ஊர்ப் பழக்கத்தில் சொன்னால், ‘கேட் பூட்டியிருக்கிறது, சுவர் கிடையாது’ என்பதே அதன் சாரம்.

இங்கேதான் கேபிள்காரர் வருகிறார். எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் அவர் கொடுப்பது. மறைநிலையில் போனாலும் இணைப்புக் கொடுப்பவருக்கு நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தெரிய வாய்ப்பு உண்டு என்று பேத்தி சொல்லியிருந்தாள். பூட்டுப் படம் போட்ட தளமாக இருந்தால் உள்ளே எந்தப் பக்கத்தைப் படித்தோம் என்பது தெரியாது. தளத்தின் பெயர் தெரியும். வேறொருவர் என்றால் கவலைப்பட மாட்டேன். இவர் என் பழைய மாணவர். அரையாண்டில் தமிழில் 34 போட்டேன். ஒரு மார்க்கில் போயிற்று. போனதற்குக் காரணம், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சந்திப் பிழை. மாதம் பிறந்து ஐந்தாம் தேதி பணம் வாங்க வருவார். “ஐயா நல்லா இருக்கீங்களா? நெட்டு வேகமா வருதா? ராத்திரிலகூட?” என்று சிரிப்பார். அவர் சின்ன வயதிலிருந்தே சிரித்த முகம்தான். இருந்தாலும் அந்த ‘ராத்திரிலகூட’ எனக்குப் பிடிக்கவில்லை.

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார், 59ஆவது. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார். என் விஷயத்தில் கணினி சொன்னதைக் கைபேசி சரிபார்த்தது. கைபேசி சொன்னதைப் பிள்ளையின் சித்தப்பா ஊருக்கே படித்துக் காட்டினார்.

அரைகுறையாக வேண்டாம், முழு மூச்சாக இறங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஃபயர்பாக்ஸின் அமைப்புகளுக்குள் போனால் தனியுரிமை என்று ஒரு பகுதி. அதில் வரலாறு. அதில் ‘வரலாற்றை ஒருபோதும் நினைவில் வைக்காதே’ என்று ஒரு வாய்ப்பு. எங்கள் பள்ளிச் சரித்திர ஆசிரியர் இதைப் பார்த்திருந்தால் அழுதிருப்பார். தேர்ந்தெடுத்தேன். உலாவியை மூடித் திறக்கவா என்று கேட்டது. திற என்றேன். அன்றிலிருந்து அந்த உலாவியின் ஒவ்வொரு ஜன்னலும் மறைநிலை ஜன்னல்தான். அதோடு விட்டேனா? பழைய வரலாறு, குக்கீ, படிவங்களில் நிரப்பியது எல்லாவற்றையும் டிக் போட்டு அழித்தேன். கையைத் தட்டிக்கொண்டு போய்ப் படுத்தேன். அன்று நல்ல தூக்கம்.

காலையில் அந்தக் கணினியில் உட்கார்ந்தது என் மனைவி. அது அவளுடைய கணினியும்கூட என்பதை நான் மறைநிலை உற்சாகத்தில் மறந்திருந்தேன். முதலில் கரண்ட் பில். இரண்டு எண் அடித்தால் மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிற மின் இணைப்பு எண் வரவில்லை. மீட்டர் அட்டையைத் தேடிக் கோதுமை டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். அடுத்து அவளுடைய மின்னஞ்சல், கடவுச்சொல் கேட்டது. அவள் கடைசியாக அதை அடித்தது மகன் கல்யாணத்துக்கு முன்னால். பிறகு ஓடிபி. ஓடிபி என் கைபேசிக்கு வந்தது. நான் கடைத்தெருவில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். அவள் ஒரு தொடர்கதை படித்துக்கொண்டிருந்தாள், இணையத்தில், இருநூற்றுச் சொச்சம் அத்தியாயம். எந்த அத்தியாயம் வரை படித்தோம் என்பதற்கு அவள் வைத்திருந்த கணக்கு ஒன்றுதான்: படித்த இணைப்பு ஊதா, படிக்காதது நீலம். நான் வீட்டுக்குள் நுழையும்போது திரை முழுக்க நீலமாக இருந்தது.

“என்னங்க, நான் படிச்சதெல்லாம் படிக்காததாயிடுச்சு” என்றாள்.

நான் பையைக் கீழே வைக்கவில்லை. கையில் ஏதாவது இருப்பது நல்லது என்று தோன்றியது. அமைப்பை மாற்றியதைச் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவள் நிதானமாகவே கேட்டாள். “உங்க மறதி போதாதுன்னு அதுக்கும் கத்துக்குடுத்துட்டீங்களா?”

அமைப்பைப் பழையபடி மாற்றிவிட்டேன். இனிமேல் படிப்பது ஊதா ஆகும். அழித்தது அழித்ததுதான். அவள் எழுபதாம் அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்கி, இதில் யார் செத்தார் யார் திரும்பி வந்தார் என்று ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லிக்காட்டினாள். தண்டனையாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். கதை நன்றாகவே இருந்தது.

அப்புறம் கைபேசிக்கு மாறினேன். அது என் சொந்தப் பொருள், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. குரோமில் மறைநிலையில் ஒற்று மிகும் இடங்களின் அட்டவணை ஒன்றைப் பார்த்து, திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பொத்தானையும் அழுத்தினேன். மறைநிலையில் படமெடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. மூலஸ்தானத்தில் கேமராவை எடுத்தவனை அர்ச்சகர் பார்க்கிற மாதிரி இருந்தது. மறை என்றால் வேதம் என்று பொருள் கொண்டது சரிதான் போலிருக்கிறது.

ஆனால் படுக்கப்போகுமுன் அந்தத் தாவல்களை மூட மறந்துவிட்டேன். தாவல் என்றால் டேப். குரங்கு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. மறைநிலைத் தாவல் திறந்து கிடக்கும்வரை கைபேசியின் மேல் ஓரத்தில் அந்தத் தொப்பி நின்றுகொண்டே இருக்கும், எல்லாத் தாவலையும் மூடு என்று நினைவூட்டிக்கொண்டு. காலையில் பால்காரருக்குப் போன் செய்ய எடுத்த மனைவி அதைப் பார்த்தாள்.

“யாருங்க இந்தத் தொப்பிக்காரன்?”

ஏதோ அப்டேட் என்றேன்.

“அப்டேட்டா? ராத்திரி எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அந்த ‘ச்’சைத்தானே தேடறீங்க?”

நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

“தூக்கத்துல ‘வினைத்தொகை, வினைத்தொகை’ன்னு பொலம்பறீங்க. மூணு வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். இதுக்கு ஒரு தொப்பி வேறயா?” என்று சொல்லிவிட்டுப் பால்காரருக்குப் போன் செய்தாள். அரை லிட்டர் கூடுதலாகச் சொன்னாள். அச்சகக்காரர் வருகிற நாள்.

அவர் வந்தார். தை மாசத்துக்கு ஒரு வளைகாப்புப் பத்திரிகை, ஒரு புதுமனை புகுவிழா. புரூஃபைத் தாளில் கொண்டுவராமல் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். “உங்க கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்துடலாம் ஐயா” என்றார். அவரே உட்கார்ந்தார். பென்டிரைவைச் செருகுவதற்குள் கை தவறித் தரவிறக்கக் கோப்புறை திறந்துகொண்டது.

அங்கேதான் அது இருந்தது. ‘ஒற்று மிகும் இடங்கள், மாணவர்களுக்கான எளிய கையேடு’ என்ற பிடிஎஃப். மறைநிலையில் இறக்கியது. மறைநிலை, தான் போன இடத்தை மறக்கும். கொண்டுவந்து வீட்டில் வைத்த பொருளை மறைக்காது. அதன் கீழே அதே பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 1. அதன் கீழே 2. பிறகு 3. ஒவ்வொரு ராத்திரியும் உலாவி, நான் அங்கே ஏற்கெனவே போய்வந்ததை மறந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன். ஒவ்வொரு ராத்திரியும் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து, ஆஹா நல்ல கையேடாக இருக்கிறதே என்று மகிழ்ந்து, இறக்கி வைத்திருக்கிறேன். கடைசிக் கோப்பின் அடைப்புக்குறிக்குள் 11 என்று இருந்தது.

அச்சகக்காரர் மின்விசிறியைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். தை மாசம், மின்விசிறி ஓடவில்லை. அவர் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். எழுந்து கூடத்து வாசலைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஐயா, இதை நம்ம பென்டிரைவ்லயும் ஒண்ணு போட்டுக்கவா? கடையில பசங்க இருக்கையில தேட முடியலை. வீட்டுக்குப் போயித்தான், எல்லாரும் தூங்கினப்புறம்...”

மொத்தம் பன்னிரண்டு இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டேன்.